கப்ரீஸுக்குக் கண்மருந்து இட்டவள்

கடற்சிங்கத்தின் கண்ணில் மருந்து விட வேண்டுமானால் முதலில் அதன் சம்மதம் வேண்டும். கோசலை இதைச் சொல்லும்போது பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் சிரிக்காதவர்கள் இல்லை.

"பிள்ளையளுக்கு மருந்து குடுக்கவே மூக்கைப் பொத்திப் பிடிக்கிறம். நீர் மிருகத்திட்டை உத்தரவு கேக்கிறீரோ?" என்பார் பலசரக்குக் கடை பத்திநாதர். சனிக்கிழமை தோறும் அதே பகிடிதான். அவருக்கு அது அலுத்ததே இல்லை.

"மூக்கைப் பொத்தினால் கை போயிடும் அண்ணை" என்பாள் கோசலை.

அது உண்மையே. தொண்ணூறு கிலோ எடையும், கரடியின் தாடையும், எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும் உடலும் கொண்ட விலங்கை யாரால் அமுக்கிப் பிடிக்க முடியும்? முன்பெல்லாம் வலை போட்டுப் பிடித்தார்கள். பிடிபட்ட விலங்கு பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்ளும்; சில வேளைகளில் மறுபடி மூச்சு விடாமலே போய்விடும். பிழைத்தாலும் மனிதர் வாடையே ஆகாது என்று நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும். ஆகவே பாரிசுக்குக் கிழக்கே, மார்ன் ஆற்றுக்கு அப்பால் இருந்த அந்தக் கடல்விலங்குப் பூங்காவில் வேறு முறை வந்தது. விலங்கு தானாக நீரிலிருந்து ஏறி வர வேண்டும். தாழ்வான ஒரு பலகையின் மேல் தாடையை வைக்க வேண்டும். கண்ணைத் திறந்தபடி அசையாமல் இருக்க வேண்டும். மருந்துத்துளி விழுந்ததும் ஊதல் ஒலிக்கும், மீன் கிடைக்கும். விருப்பமில்லையென்றால் அது திரும்பித் தண்ணீருக்குள் போகலாம். அதட்டக் கூடாது; மறிக்கக் கூடாது. அந்த இடத்தின் முதற்சட்டம் அதுதான்.

கோசலை அங்கே முதலில் துப்புரவுப் பணிக்குப் போனவள். பிறகு மீன் அறையில் கானாங்கெளுத்தியைப் பனி இளக்கி, முள் முறிந்தவற்றைக் கழித்து, வாளிகளில் நிறைத்தாள். பின்னர் பூங்காவே அனுப்பிய பயிற்சியை முடித்துப் பராமரிப்பாளர் ஆனாள். வெள்ளிக்கிழமையில் சைவம் தவறாத குடும்பம் அவளுடையது. அதே வெள்ளிக்கிழமையில் முழங்கை வரை மீனில் தோய்ந்துவிட்டு, RER புறநகர் ரயிலில் வந்து மஜெந்தா நிலையத்தில் இறங்கி, லா சப்பல் வழியாக மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருந்த வீட்டுக்கு நடந்து, இரண்டு தரம் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவாள். போனாலும் கூட்டத்துக்குள் நுழையாமல் கதவோரமாகவே நின்றுகொள்வாள். யாரும் சொல்லித் தள்ளி நின்றதல்ல. தானாக ஏற்படுத்திக்கொண்ட எல்லை.

அவளுக்கென்று ஒரு பெருமை இருந்தது. அதன் பெயர் கப்ரீஸ்.

கப்ரீஸ் கிழட்டுப் பெண் கடற்சிங்கம். குளத்தில் கலக்கும் குளோரீனும், நீலத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் பல்லாண்டுகளில் அதன் கண்களைக் கெடுத்திருந்தன. இரண்டு விழிகளிலும் பால் படர்ந்திருந்தது. இடக்கண்ணின் மேற்படலம் புண்பட்டுப் புண்பட்டு மெலிந்திருந்தது. காலையும் மாலையும் மருந்து விடத் தவறினால் வலியால் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூலையில் கிடக்கும், உணவைத் தொடாது. மற்றப் பராமரிப்பாளர்கள் கூப்பிட்டால் வரும், யோசிக்கும், திரும்பிவிடும். கோசலை முன்னே நின்றால் போதும். பலகையில் தாடை தானாக வந்து அமரும்.

"என்னட்டைத்தான் வருவா. மற்ற ஆக்கள் கூப்பிட்டா முகத்தைத் திருப்பிப் போடுவா" என்று அவள் கடையில் சொல்வதில் ஒரு தாயின் செருக்குக்கூடத் தெரியும். வேலை எளிதாக முடிகிறது என்பதால் பூங்காவிலும் ஒருவரும் இதைக் கேள்வி கேட்கவில்லை. அவள் விடுமுறை எடுத்தால் மருந்து முறை கெடும். ஆகவே அவள் விடுமுறை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள். கணவன் இராஜதுரை கனடாவில் தங்கையின் மகள் கலியாணத்துக்குத் தனியே போய் வந்தான்.

டொல்பின் காட்சிகளை நிறுத்தும் சட்டம் நாட்டில் வந்தபோது, அந்தப் பூங்காவின் உடைமையாளர்கள் டொல்பின் இல்லாத பூங்காவுக்கு ஆள் வராது என்று கணக்கிட்டு முழுவதையும் மூடத் தீர்மானித்தார்கள். பென்குயின்கள் ஓரிடம், கடல்நாய்கள் ஓரிடம் என்று பங்கு பிரிந்தன. கடற்சிங்கங்களை ஏற்கத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு சிறிய நிலையம் முன்வந்தது. ஆனால் கப்ரீஸைப் பற்றி அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தங்கள் ஆட்கள் எவர் கையாலும் அது மருந்தை ஏற்க வேண்டும். கோடைக்கு முன் அது நடக்காவிட்டால் எடுக்க மாட்டோம்.

"எடுக்காவிட்டால்?" என்று கோசலை விலங்கு மருத்துவர் ஜிஸ்லேனைக் கேட்டாள்.

ஜிஸ்லேன் அறுபதை எட்டிய, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி. "வேறு யாரும் கேட்கவில்லை. மருந்து இல்லாமல் அதை வலியில் விட்டுவைக்க மாட்டேன். ஊசி போட்டுக் கொல்வேன். இதற்கு அழகான சொல் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது."

"நானும் கூடப் போகிறேன். தெற்கே எனக்கொரு வேலை தரச் சொல்லுங்கள்."

"கேட்டேன். ஆறு பேர் வேலை செய்யும் இடம். ஏழாவது சம்பளம் இல்லையாம்."

வசந்தத்தின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து எலோடி வந்தாள். முப்பது வயது, வெட்டிய நகம், வெயிலில் உரிந்த மூக்கு. கோசலையின் உடையைப் போலவே உடை அணிந்து, கோசலை காட்டுவது போலவே உள்ளங்கையை விரித்துப் பலகையைக் காட்டி, அதே ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். கப்ரீஸ் ஏறி வந்தது. அவளைப் பார்த்தது. காத்திருந்தது. பிறகு கோசலை நின்ற பக்கம் திரும்பி, அவளைப் பார்த்தது. கடைசியில் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு கிழமை முழுதும் இதுவே நடந்தது. கோசலையை வீட்டிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கப்ரீஸ் வாயிற்கதவைப் பார்த்தபடி கிடந்து, மீனையும் வெறுத்தது.

எலோடி முறையாக வேலை செய்பவள். "நாம் நினைக்கும் சைகை ஒன்று, அது பார்க்கும் சைகை வேறொன்று. தேடிப் பார்ப்போம்" என்றாள். முதலில் கோசலையை ஒரு தட்டியின் பின்னே மறைத்து நிறுத்திக் குரலை மட்டும் கொடுக்கச் சொன்னாள். பயனில்லை. பிறகு தட்டியின் ஓரத்தில் கையை மட்டும் நீட்டச் சொன்னாள். பயனில்லை. கடைசியில் தட்டியைக் கழுத்தளவுக்குத் தாழ்த்தினாள். கையும் இல்லை, குரலும் இல்லை. தட்டிக்கு மேலே கோசலையின் தலை மட்டும் தெரிந்தது. கப்ரீஸ் உடனே தாடையைப் பலகையில் வைத்தது.

எலோடி ஊதினாள், மீனைக் கொடுத்தாள். "இன்னொரு முறை செய். இம்முறை தலையை அசைக்காமல் நில்."

"நான் எங்கே அசைத்தேன்?"

"இதோ, இப்போது கேட்கும்போதுகூட அசைத்தாய்."

கோசலை நம்பவில்லை. எலோடி முன்பே தொலைபேசியில் எடுத்திருந்த காணொளியைக் காட்டினாள். அதில் கோசலை உள்ளங்கையை விரிக்கிறாள். அதற்கு ஒரு நொடி முன்பு, 'ஓம், வா' என்பது போல் தலை வலத்தோள் பக்கம் மெல்லச் சாய்ந்து மீள்கிறது. ரூ பெர்தொனே முழுவதும் அரிசி நிறுப்பவரும், நகை விலை பேசுபவரும், பேருந்துக்கு இடம் விடுபவரும் நாள் முழுக்கச் செய்யும் அசைவு அது. செய்பவருக்குத் தெரியாது, பார்ப்பவரும் கவனிப்பதில்லை. கப்ரீஸ் மட்டுமே கவனித்திருந்தது. அத்தனை ஆண்டுகளாக அது கற்றிருந்தது பூங்கா கற்பித்த கைச்சைகையை அல்ல, யாழ்ப்பாணத்துக் கழுத்தை.

"அப்படியானால் நீயும் அப்படியே ஆட்டு" என்றாள் கோசலை, வழி பிறந்துவிட்ட மகிழ்ச்சியில்.

எலோடி ஆட்டினாள். அவள் ஆட்டியது மாட்டேன் என்பது போலிருந்தது. மறுபடி ஆட்டினாள், காதுக்குள் தண்ணீர் போனவள் உதறுவது போலிருந்தது. ஜிஸ்லேனும் முயன்று பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் அன்று சிரித்தார்கள். கப்ரீஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குளத்துக்குள் போயிற்று.

சிரிப்பை முடித்துவைத்தவள் ஜிஸ்லேன். "பழகினாலும் பயனில்லை. இந்தக் கண்கள் இன்னும் எத்தனை மாதத்துக்கு ஒரு தலையசைவைக் காணும்? பார்வை போனபின் எதைக் காட்டுவீர்கள்? தொடுகைக்கு மாற்றுங்கள்."

எலோடியும் அதையே நினைத்திருந்தாள். "அது மட்டுமில்லை, கோசலை. ஒரே ஆளிடம் மட்டும் வேலை செய்யும் மருந்து மருந்தே இல்லை" என்றாள். குத்திக்காட்டச் சொன்னதன்று. ஆனாலும் கோசலைக்கு அது தைத்தது. இத்தனை காலமும் அவள் பெருமை என்று எண்ணியது அதைத்தானே.

புதிய முறை தொடங்கிற்று. எலோடி உள்ளங்கையைக் கப்ரீஸின் கழுத்தில் வைப்பாள். உடனே கோசலை தலையைச் சாய்ப்பாள். கப்ரீஸ் தாடையை வைக்கும். மருந்தும் மீனும் எலோடியின் கையால். தொடுகைக்குப் பின் தலையசைவு வரும் என்று கப்ரீஸ் விரைவிலேயே கற்றது. இனி அந்த அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தொடுகையை மட்டும் மிஞ்சவைக்க வேண்டும். கேட்க எளிது. கோசலையின் கழுத்து அவள் சொற்கேட்கவில்லை. எலோடியின் கை கப்ரீஸின் கழுத்தில் படும், கப்ரீஸ் கோசலையைப் பார்க்கும், 'வை, வை' என்று அவள் மனம் துடிக்கும், தலை சாய்ந்துவிடும்.

"மறுபடியும்" என்பாள் எலோடி.

"தெரியும்."

"மன்னித்துக்கொள். ஆனால் மறுபடியும் அசைத்தாய்."

வீட்டில் இராஜதுரைக்கு இது விளையாட்டாயிற்று. ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுபவன் அவன். இரும்புத் தகட்டில் தாளம் போட்டுப் பழகிய கை. சாப்பிடும்போது கோசலையின் தலை அசையும் ஒவ்வொரு தரமும் கரண்டியால் கோப்பையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"இஞ்சேருங்கோ, மனுசரைச் சாப்பிட விடுங்கோ."

"சோறு போடட்டோ எண்டு கேட்டன். நீர் வாயால சொல்ல முந்தித் தலையால சொல்லிப்போட்டீர்." டங்.

"இப்ப நான் ஆட்டேல்லை."

"ஆட்டேல்லை எண்டு சொல்லேக்கை ஆட்டினனீர்." டங்.

பகிடி பகிடியாக இருந்தாலும் அவள் விடவில்லை. ரயிலில் கண்ணாடியைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்திப் பிடித்தாள். கடையில் ஆம் என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் தலையைக் கட்டையாக வைத்துக்கொண்டு வாயால் சொன்னாள்.

"என்ன பிள்ளை, கோவமோ?" என்றார் பத்திநாதர். "ஓம் எண்டுறீர். முகத்தில ஓமைக் காணேல்லை."

"கோவம் ஒண்டும் இல்லை அண்ணை."

பின்னால் நின்ற ஒருத்தி, கேட்கட்டும் என்றே சொன்னாள்: "வெள்ளைக்காரரோட நிண்டு நிண்டு கழுத்தும் வெள்ளைக்காரக் கழுத்தாப் போச்சு." கடை முழுக்கச் சிரித்தது. கோசலை சாமான் பையை எடுத்துக்கொண்டாள். ஒரு கடற்சிங்கத்தின் உயிர் தன் கழுத்தில் தொங்குகிறது என்று அங்கே எப்படிச் சொல்வது?

மே மாதத்தில் கோசலையின் கழுத்து சொற்கேட்டது. துன்பம் அதன் பிறகே தொடங்கிற்று.

எலோடியின் கை பட்டது. கப்ரீஸ் கோசலையைப் பார்த்தது. தலை அசையவில்லை. அது காத்திருந்தது. பிறகு எலோடியை விட்டுவிட்டு நேராகக் கோசலையின் முன்னே வந்து, பலகை இல்லாத வெறுந்தரையில் தாடையை வைத்து, புண்பட்ட கண்ணை அவளுக்கு நேரே திறந்து காட்டியது. கேட்காமல் செய்வதற்குக் கூலி இல்லை; கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். கோசலை பார்வையை எங்கோ தொலைவில் வைத்துக்கொண்டு நின்றாள். கப்ரீஸ் நீருக்குள் போய்த் திரும்பி வந்து அதையே செய்தது, மறுபடியும் செய்தது. இதற்குள் மருந்து வேளை கடந்துவிடும். பிறகு மீனுக்குள் வலி மாத்திரையை வைத்துக் கொடுப்பார்கள். அதையும் பாதி நாள் துப்பிவிடும்.

"பிடிவாதம் அடங்குவதற்கு முன்னால் ஏறும்" என்று எலோடி எச்சரித்தாள். "வழக்கமாகத் திறக்கிற கதவு திறக்காவிட்டால் நாமும் முதலில் உதைத்துத்தானே பார்ப்போம். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், உதைத்தால் திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்."

ஏறிற்று. கப்ரீஸ் குரைக்கத் தொடங்கியது. அந்த ஓசை கார் நிறுத்துமிடம் வரை கேட்டது. மூன்றாம் நாள் காலை, வெளியே நின்ற கோசலைக்கும் தனக்கும் இடையே இருந்த கம்பிக்கதவில் தலையால் மோதியது. எலோடி "போ, அதன் கண்ணில் படாமல் போ" என்று கோசலையைப் பார்த்துக் கத்தினாள். கோசலை நகர்வதற்குள் அது இன்னொரு தரம் மோதியது. மெலிந்திருந்த இடக்கண் உடைந்தது.

அந்தக் காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்று பிற்பகலே ஜிஸ்லேன் அறுவை செய்து அந்தக் கண்ணை எடுத்தாள். கடற்சிங்கத்துக்கு மயக்க மருந்து கொடுப்பது மலை விளிம்பில் நடப்பதைப் போன்றது. முக்குளிப்பதாக எண்ணி உடல் மூச்சை நிறுத்திவிடும். இரண்டு தரம் நிறுத்திற்று. இரண்டு தரமும் குழாய் வழியே காற்றை ஊட்டி மீட்டார்கள். மாலையில் கப்ரீஸ் விழித்தது. தையலிட்ட பக்கம் வீங்கி, முகம் கோணலாக இருந்தது.

வீட்டுக்கு வந்த கோசலை கைகால் கழுவாமலே அடுக்களையில் உட்கார்ந்தாள். இராஜதுரை அன்று கரண்டியைத் தொடவில்லை.

"நான் ஒருக்கா தலையை ஆட்டியிருந்தா அவ கதவில அடிச்சிருக்க மாட்டா" என்றாள்.

"ஆட்டியிருந்தா?"

"மருந்து விட்டிருப்பன். கண் இருந்திருக்கும்."

"பிறகு ஜூன் மாசம் அவவை ஆர் எடுப்பினம்?"

"அங்கை போய் எல்லாத்தையும் விட்டிட்டன் எண்டு சொல்லப் போறன்" என்றாள்.

"சொல்லும். ஆனா நீர் விட்டா மற்றக் கண்ணுக்கு ஆர் மருந்து விடுறது? அதையும் கேட்டுக்கொண்டு வாரும்."

மறுநாள் ஜிஸ்லேன் சொன்னது இராஜதுரை சொன்னதைவிடக் கடுமையாக இருந்தது. எஞ்சிய வலக்கண்ணுக்கு இனி நாளுக்கு நான்கு முறை மருந்து. தையல் ஆறும் வரை வலையோ பலவந்தமோ கூடாது. "இன்று அது யாரை நம்பினாலும் எனக்குச் சரி. தலையை ஆட்டு, கோசலை. கண்ணைக் காப்பாற்றுவோம்."

எலோடி குறுக்கிட்டாள். "இன்று ஆட்டினால் இதுவரை பட்டதெல்லாம் வீண். கதவில் மோதினால்தான் தலையசையும் என்று அது முடிவுகட்டும். அடுத்த மாதம் இங்கே யாரும் இருக்க மாட்டோம்."

"அடுத்த மாதம்வரை கண் இருக்க வேண்டுமே."

"கண் இருந்து உயிர் போவதா?"

இரண்டு பேரும் கோசலையைப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னதும் சரி, மற்றவள் சொன்னதும் சரி. கோசலை கம்பிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கப்ரீஸ் பலகைக்கு அருகே படுத்திருந்தது. வலக்கண் மட்டும் பாதி திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு எதிரே போய் நிற்க அவளால் முடியவில்லை. கழுத்து என்ன செய்யுமோ என்ற பயம் ஒன்று. அந்த முகத்தைப் பார்க்கும் தெம்பில்லாமை ஒன்று. தையலிட்ட இடப்பக்கமாக, அது காண முடியாத பக்கமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

எலோடியும் அதே பக்கமாக வந்து முழந்தாளிட்டாள். மெல்ல உள்ளங்கையைக் கப்ரீஸின் கழுத்தில் வைத்தாள். கப்ரீஸ் திடுக்கிட்டது. தலையைத் திருப்பிப் பார்க்க முயன்றது, தையல் இழுத்தது. கை யாருடையது என்று அதற்குத் தெரியவில்லை. எல்லாக் கைகளிலும் ஒரே மீனின் வாடை. கோசலை வந்திருக்கிறாள் என்பதை மட்டும் அது காலடியோசையில் அறிந்திருக்க வேண்டும். சிறிது நேரம் மூக்குத்துளைகளை மூடியும் திறந்தும் கிடந்தது. பிறகு தாடையைத் தூக்கிப் பலகையில் வைத்தது. எலோடி மறுகையை நீட்டி வலக்கண்ணில் துளியை விட்டாள். ஊதல் ஒலித்தது. கப்ரீஸ் மீனை உண்டது.

வெளியே வந்ததும் எலோடி கோசலையைக் கட்டிக்கொண்டாள். "எப்படித் தோன்றியது உனக்கு, அந்தப் பக்கமாக நிற்க?"

"தோன்றவில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்றாள் கோசலை.

அதன்பின் ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே. கப்ரீஸ் கண்ணைக் கொடுத்தது, தொட்ட கை கோசலையுடையது என்று எண்ணியா, அல்லது யார் கையானால் என்ன என்று ஓய்ந்துபோயா? எலோடி அதை முன்னேற்றம் என்றாள். கோசலை அதை வேறு பெயரால் நினைத்தாள். நாள் போகப் போக எலோடி மெல்ல முன்பக்கம் நகர்ந்தாள். பிறகு பூங்காவில் எஞ்சியிருந்த இரண்டு பேர் முறை வைத்துத் தொட்டார்கள். கப்ரீஸ் ஒவ்வொருவருக்கும் தாடையை வைத்தது. குரைப்பு நின்றுவிட்டது.

ஜூன் நடுவில் தெற்கு நிலையத்தின் தலைவர் வந்தார். நீண்ட தாடி வைத்த, மென்மையாகப் பேசும் மனிதர். எல்லாவற்றையும் விசாரித்து அறிந்திருந்தார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பழைய ஆள் கண்ணெதிரே நின்றாலும் இது எங்கள் கைக்கு வருமா? அதைப் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

ஆகவே கோசலையை வலப்பக்கம், நல்ல கண்ணுக்கு நேரே நிறுத்தினார்கள். அறுவைக்குப் பின் அவள் அங்கே நின்றதில்லை. கப்ரீஸ் நீரிலிருந்து ஏறியது. நாலைந்து எட்டு வைத்து வந்து நின்றது. பால் படர்ந்த அந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. கோசலை இரு கைகளையும் பின்னே கட்டியிருந்தாள். 'ஓம்' என்று ஒரே ஒரு தரம் சொல்ல உடம்பு முழுதும் விரும்பிற்று. பிடரி நரம்பு கயிறாய் இறுகியது. ஆனால் தலை நிமிர்ந்தபடியே இருந்தது. அதை அவள் நன்றாகக் கற்றிருந்தாள்.

தலைவர் குனிந்து, தயங்கித் தயங்கிக் கப்ரீஸின் கழுத்தில் கை வைத்தார். அதற்கு முன் அது கண்டிராத கை. கப்ரீஸ் கோசலையை இன்னும் சற்றே பார்த்தது. பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு, தாடையைப் பலகையில் வைத்து, கண்ணைத் திறந்தது. துளி விழுந்தது.

"அருமை" என்று அவர் எல்லாருக்கும் கைகொடுத்தார். கோசலையிடம் வந்தபோது ஆறுதலாகச் சொல்வதாக எண்ணி, "பார்த்தீர்களா? உங்களை மறந்தே விட்டது. இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை" என்றார்.

அவர் போனபின் ஜிஸ்லேன் கையுறைகளைக் கழற்றினாள். "மறக்கவில்லை. அவை எளிதில் மறப்பதில்லை. உன்னிடம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டது. நாம் கேட்டதும் அதைத்தான்."

"ஓம்" என்றாள் கோசலை, பிரெஞ்சுக்காரியிடம் தமிழிலேயே.

ஏற்றிச் செல்லும் நாளில் அவளை அப்பக்கம் வர வேண்டாம் என்றார்கள். பெட்டிக்குள் போகவும் கப்ரீஸைத் தொடுகையாலேயே பழக்கியிருந்தார்கள். எந்தக் குழப்பமும் வேண்டாம் என்பது எலோடியின் கோரிக்கை. கோசலை மீன் அறையில் தங்கி வாளிகளைக் கழுவினாள். பாரவண்டி வந்து நின்றதும், கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டதும், அது மெல்லப் புறப்பட்டதும் கேட்டது. மற்ற மூன்று கடற்சிங்கங்களும் குரைத்தன. கப்ரீஸின் குரல் கேட்கவில்லை. பெட்டிக்குள் தானாகவே போயிற்று, ஒரு முனகல்கூட இல்லை என்று யாரோ பிறகு வந்து பாராட்டாகச் சொன்னார்கள்.

பூங்கா மூடியபின் கோசலைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உணவு பரிமாறும் வேலை கிடைத்தது. எலோடி இடைக்கிடை செய்தி அனுப்புவாள்: உணவு நன்று, எடை கூடியிருக்கிறது, நான்கு பேர் மாறி மாறி மருந்து விடுகிறோம். செப்டெம்பரில் ஒரு காணொளியையும் அனுப்பினாள். கப்ரீஸின் முகம் உறைந்து நிற்க, நடுவிலே அதை ஓடவைக்கும் முக்கோணக் குறி இருந்தது.

இராஜதுரை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "போட்டுப் பாரும். ஏன் பாக்கேல்லை?"

"மருந்து விடுறாங்களாம். அது காணும்."

"அவ எப்பிடி இருக்கிறா எண்டு பாக்க ஆசையில்லையோ?"

"பாத்தா நான் தலையை ஆட்டி அவவைக் கூப்பிடுவன்" என்றாள் கோசலை. தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று காலில் போடச் சப்பாத்தைத் தேடினாள்.